காழியும் தீவு மக்களும்
இப்னு பதூதா கண்ட மாலத்தீவு

நம் கடற்கரை ஊர்களில் மாசி அறியாத சமையலறை அரிது. கல்லைப்போல் இறுகிக் கறுத்த அந்த மீன்துண்டைத் தட்டிப் பொடித்துச் சம்பலில் சேர்க்கும் நம் தாய்மார்கள், அது எத்தகைய நாட்டின் பண்டம் என எண்ணிப் பார்த்திருப்பார்களோ, என்னவோ! மீனை நான்காக அரிந்து, இலேசாக வேகவைத்து, தென்னையோலைக் கூடையில் இட்டுப் புகையூட்டி உலர்த்தும் முறையை ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறபு அறிஞர் எழுதி வைத்துள்ளார். அவரே உலகம் சுற்றிய இப்னு பதூதா. அந்நாடு மாலத்தீவு.

1304-இல் மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்த இப்னு பதூதா, டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாக இருந்தவர். 1343-இல் கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறிப் பத்து நாட்களில் மாலத்தீவை அடைந்தார். மார்க்கச் சட்டம் கற்றவர் எனத் தெரிந்தால் தம்மைப் போகவிடமாட்டார்கள் என்றஞ்சித் தாம் காழி என்பதை மறைத்தார். ஆயினும் செய்தி வெளிப்பட்டுவிட்டது. அவர் அஞ்சியவாறே வஸீர் அவரைத் தங்கவைத்து, காழிப் பதவியை அவர்மீது சுமத்தினார்.

அவர் கண்ட தீவு எத்தகையது? தெருக்கள் பெருக்கித் துப்புரவாக இருந்தன. இருமருங்கும் மரங்கள் நிழல் தந்தமையால், நடப்பவனுக்குத் தோட்டத்தில் உலவுவது போன்றிருந்தது. உயர்ந்தோரும் எளியோரும் வெறுங்காலுடனேயே நடந்தனர். ஆதலின் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் தண்ணீர்ச் சாடியும் அகப்பையும் இருந்தன. காலைக் கழுவி, முரட்டுப் பாயில் துடைத்த பின்னரே உள்ளே நுழைவர். பள்ளிவாசலிலும் அதுவே வழக்கம். வெப்பத்தின் பொருட்டு நாளில் இருமுறை குளிப்பர்.

கப்பலுக்கு அவர்கள் இரும்பாணி அறைவதில்லை. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தனர். ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் பிளந்துபோம். கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும். இந்தக் கயிறு இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் சென்றது. கடலிலிருந்து எடுத்த சோழியே அவர்களின் நாணயம். நான்கு இலட்சம் சோழிக்கு ஒரு பொற்காசு. விலை இறங்கினால் பன்னிரண்டு இலட்சத்துக்கும் ஒன்றுதான். அதே சோழி ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 1,150-க்கு ஒரு பொற்காசாக விற்றதைப் பின்னாளில் அவரே கண்டார். நம் பெண்மக்கள் பல்லாங்குழியில் இட்டு விளையாடிய சோழி ஒரு கண்டத்தின் செல்வமாயிருந்தது!

எல்லாவற்றினும் அவரை வியப்பித்தது அரியணை. கதீஜா என்னும் அரசி அங்கு ஆட்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய கணவரே வஸீர். வெள்ளிக்கிழமை குத்பாவில் அரசியின் பெயர் சொல்லித் துஆ ஓதப்பட்டது.

இம்மக்கள் நேர்மையாளர்கள், ஆகுமான உணவை உண்பவர்கள், போரறியாதவர்கள், துஆவே அவர்களின் ஆயுதம் என்று இப்னு பதூதா உளமாரப் புகழ்கிறார். ஒருமுறை திருடனொருவனின் கையைத் துண்டிக்க அவர் தீர்ப்பளித்தபோது, அவையிலிருந்தோர் சிலர் மயங்கி விழுந்தனராம். இத்துணை மென்மையான மக்களிடையே, சட்டத்தின் கடுமையில் பழகிய ஒரு காழி! பூசல் எழாமல் இருக்குமா?

ஜும்ஆத் தொழுகைக்கு வராதவர்களை அவர் கசையால் அடிப்பித்து ஊர்வலம் விட்டார். தலாக் பெற்ற பெண்கள் மறுமணம் ஆகும்வரை முன்னாள் கணவனின் வீட்டிலேயே இருந்துவரும் வழக்கத்தைத் தடுத்தார்; அதற்காக ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்கள் தண்டனை பெற்றனர். ஆனால் ஒன்றில் மட்டும் அவர் தோற்றார். அந்நாட்டுப் பெண்கள் இடைக்குக் கீழே மட்டும் ஆடை உடுத்தி வந்தனர். மேலாடை அணியுமாறு அவர் கட்டளையிட்டார், எவரும் கேட்கவில்லை. வழக்குக்காகத் தம்முன் வரும் பெண் உடலை மறைத்தே வரவேண்டும் என்பதற்கு மேல் அவரால் எதுவும் சாதிக்க முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இப்பகுதியைப் பாடம் நடத்துகையில், “அவர் சொன்னது ஷரீஅத்துத்தானே, ஹஸ்ரத்? ஏன் கேட்கவில்லை?” என்று ஒரு மாணவர் வினவினார். அன்று நான், “அறியாமை” என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டேன். பின்னர் ரிஹ்லாவை மீண்டும் புரட்டியபோது அவ்விடை எனக்கே போதவில்லை.

வழக்கத்துக்குத் தீர்ப்பில் இடமுண்டு என்பது நம் ஃபிக்ஹு நூலோர் வகுத்த விதி. தெளிவான சட்டத்துக்கு மாறான வழக்கத்துக்கு அவ்விடம் கிடையாது என்பதும் அவர்கள் கூறியதே. எனவே ஆடை பற்றிய தீர்ப்பில் காழிமீது குறை காண இயலாது. குறை வேறிடத்தில் உள்ளது. குறைந்த மஹர் கொடுத்து எளிதில் மணந்து, கப்பல் புறப்படுகையில் எளிதில் தலாக் சொல்லிவிடும் வழக்கமும் அத்தீவில் இருந்தது. அதை அவர் தடுக்கவில்லை. மாறாக, தாமே துய்த்தார். ஒரே காலத்தில் நான்கு மனைவியர், புறப்படும்போது தலாக். அப்பெண்களோ தம் நாட்டை விட்டு ஒருபோதும் வெளியேறாதவர்கள். தமக்கு இடையூறான வழக்கத்துக்குக் கசை, இசைவான வழக்கத்துக்கு இன்முகம் என்றால், அந்தக் கசைக்குப் பின்னுள்ள சட்டத்தை மக்கள் எவ்வாறு நேசிப்பர்?

வஸீரோடு பகை முற்றி 1344-இல் அவர் பதவி துறந்து வெளியேறினார். இவ்விடத்தில் வரலாறு நம் தமிழகத்தைத் தொடுகிறது. அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி, இப்னு பதூதாவின் மனைவியொருத்தியின் சகோதரியை மணந்தவர். இலங்கை சென்று பாவா ஆதம் மலையைத் தரிசித்தபின் மதுரைக்கு வந்த இப்னு பதூதா, மாலத்தீவின்மீது படையெடுக்குமாறு சகலரைத் தூண்டினார். உப்பிட்டவர்க்கெதிராக! ஆனால் கப்பல்கள் ஆயத்தமாகுமுன் கொள்ளைநோய் பரவியது; சுல்தானும் இறந்தார். நம் கரையிலிருந்து அப்படை புறப்படவில்லை. துஆவை ஆயுதமாகக் கொண்ட மக்களை இறைவன் காத்தான்.

அதன்பின்னும் ஒருமுறை இப்னு பதூதா அத்தீவுக்குச் சென்றார். அவர் விட்டுச்சென்றபோது கருவுற்றிருந்த மனைவி ஆண்மகவைப் பெற்றிருந்தாள். குழந்தைக்கு வயது இரண்டு. மகனை அழைத்துச் செல்லவே வந்தார். தாய் வஸீரிடம் முறையிட்டாள். தந்தையைத் தடுக்கமாட்டேன் என்றார் வஸீர். சட்டம் அவர் பக்கம். அதிகாரமும் குறுக்கே நிற்கவில்லை. குழந்தை அவரிடம் கொண்டுவரப்பட்டது. அவர் பார்த்தார். இவன் இம்மக்களிடையே இருப்பதே நலம் எனக் கருதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து நாட்கள் தங்கியபின் கப்பலேறினார்.

எந்த மக்களைத் திருத்தக் கசையெடுத்தாரோ, எவர்மேல் படை ஏவ முனைந்தாரோ, அவர்களிடமே தம் ஈரற்குலையை ஒப்படைத்துச் சென்றார் அந்தக் காழி. அவர்களைப் பற்றி அவர் வழங்கிய தீர்ப்புகளுள் இதுவே இறுதியானது. இதில் கசை இல்லை. என் மாணவருக்கு இன்று விடை கூற வேண்டுமாயின், இந்த ஐந்து நாட்களிலிருந்தே தொடங்குவேன். வெளியூர்களுக்கு மார்க்கம் போதிக்கச் செல்லும் நம் இளம் ஆலிம்களும் நுழையுமுன் வாயிலில் நின்று, தண்ணீர்ச் சாடியில் காலைக் கழுவிக்கொள்ளட்டும்.