தடையைக் கேட்டவர்கள் உழவர்களே

கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சியூக்கியாக ஆன்டிபயாட்டிக் கலப்பதை முதலில் தடைசெய்த நாடு ஸ்வீடன், ஆண்டு 1986. இவ்வரலாற்றில் வியப்புக்குரியது, தடையைக் கோரியவர்கள் யார் என்பதே. 1980களின் தொடக்கத்தில், தீவனத்தில் கலந்த மருந்தின் அளவு நாளிதழ்களில் வெளியாகி, பொதுவிவாதமாக மாறியது. வாங்குவோரின் நம்பிக்கை போனால் சந்தையும் போகும் என்றுணர்ந்த உழவர் கூட்டமைப்பே அரசிடம் தடை கோரியது.

மாற்றுவழியோ ஆயத்தமாக இல்லை. பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளைக் கழிச்சல் தாக்கியது, இறப்பு கூடியது, கால்நடை மருத்துவரின் சீட்டோடு மருந்து தீவனத்துக்குத் திரும்பியது. (தடைசெய்யப்பட்டது வளர்ச்சிக்கான பயன்பாடு மட்டுமே, சிகிச்சை அன்று.) பின்னர், 1990களில் துத்தநாக ஆக்சைடு அவ்விடத்தைப் பிடித்தது. பால்குடியைத் தாமதமாக மறக்கச் செய்தல், தீவனப் புரதத்தைக் குறைத்தல், ஒரே வயதுக் குட்டிகளைக் கூட்டாக வளர்த்து, அவை வெளியேறியபின் கொட்டிலை முழுதும் கழுவுதல் ஆகியவை மெல்லவே பயன் தந்தன. இவை உழைப்பும் இடமும் கோரும் மாற்றுகள். இறைச்சிப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டு விற்க எளிதானவை அல்ல. 'மருந்து இல்லை' என்பது இரு சொல்லில் முடிகிறது. மருந்துக்கு ஈடாக வந்ததைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சியூக்கித் தடை 2006 சனவரியில் வந்தது. துத்தநாகம் எருவழியே மண்ணில் சேர்வதும், மருந்தெதிர்ப்புக் கிருமிகள் பெருக இடந்தருவதும் கருதி, அதன் மருந்தளவுப் பயன்பாடும் 2022 சூனில் அங்கு முடிவுக்கு வந்தது.