உரிமை கோரிய நிலமும் ஒதுக்கப்பட்ட குடிகளும்: தலோசாவின் மாகாண முறை

தம்மைத் தனி அரசாக அறிவித்துக்கொண்டும் எந்த நாட்டின் ஏற்பையும் பெறாத அமைப்புகளே குறுந்தேசங்கள். ஓர் அறிக்கையின் மூலம் அவை புதிய நிலப்பரப்பை இணைத்துவிடலாம். ஆனால் அங்கே செல்லுபடியாவது பழைய அரசின் சட்டமே. அப்படியானால் இணைத்த நிலத்தை அவை எவ்வாறு ஆள்கின்றன? உறுப்பினர்களைப் பகுத்து ஆள்வதற்கான சட்டகமாகவே அவை நிலத்தைப் பயன்படுத்துகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1979 டிசம்பரில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், 14 வயதான ராபர்ட் பென் மேடிசன் தம் படுக்கையறையைத் தலோசா என்னும் முடியரசாக அறிவித்தார். பிற்காலத்தில் அந்நகரின் கிழக்குப் பகுதி, பிரான்சின் சான் மாலோவுக்கு அப்பாலுள்ள செசாம்பர் தீவு, அண்டார்க்டிகாவின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கும் தலோசா உரிமை கோரியது. மில்வாக்கிவாசிகளோ வழக்கம்போல் நகராட்சிக்கே வரி கட்டுகிறார்கள். 1944இன் கடும் குண்டுவீச்சில் வெடிக்காமல் எஞ்சியவற்றால் செசாம்பரின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்தது. அண்டார்க்டிகாவில் புதிய உரிமைக் கோரிக்கைகளுக்கு 1959ஆம் ஆண்டு உடன்படிக்கை இடம் தரவில்லை.

இருந்தும் செசாம்பர் தலோசாவின் முழு மாகாணம். குடியுரிமை பெறுபவர் உலகின் எம்மூலையில் இருந்தாலும், வசிப்பிடத்தைப் பொறுத்து அவருக்கு ஒரு மாகாணம் ஒதுக்கப்படுகிறது. செசாம்பர் மாகாணக் குடி அத்தீவை மிதித்திருக்க வேண்டியதில்லை. அம்மாகாணத்தின் பெயரால் மேலவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். குடிகள் ஒதுக்கப்படாத அண்டார்க்டிகப் பகுதியோ வெறும் ஆட்சிப்புலம் என்ற அளவில் நிற்கிறது. ஆக, இணைப்பு நிறைவுறுவது குடிகளின் ஒதுக்கீட்டில்தான். 2004இல் ஒரு பிரிவினர் விலகித் தனிக் குடியரசு அமைத்தபோதும் மில்வாக்கியில் எந்த எல்லைக்கோடும் நகரவில்லை. தலோசா இழந்தது ஆட்களை. 2012இல் இரு தரப்பும் மீண்டும் இணைந்தபோது அது பெற்றதும் ஆட்களையே.

நிலத்தை உண்மையிலேயே கையில் வைத்திருக்கும் குறுந்தேசங்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நெவாடாவின் மொலோசியா, தன் தலைவருக்குச் சொந்தமான மனைகளையே நாடென்கிறது. அவற்றுக்கான சொத்துவரியைச் செலுத்திவிட்டு அதை 'வெளிநாட்டு உதவி' என்று அழைக்கிறது. கோதுமை ஒதுக்கீட்டுத் தகராறில் 1970இல் பிரிவதாக அறிவித்த ஆஸ்திரேலியாவின் ஹட் ரிவர், சுமார் 75 சதுர கிலோமீட்டர் பண்ணை நிலமாக இருந்தது. அதை ஆண்ட குடும்பத்தினர் ஏறத்தாழ 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரி செலுத்த வேண்டும் என 2017இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் ஹட் ரிவர் கலைக்கப்பட்டது. இவ்விரண்டிலும் நிலத்தின் மீதான பிடி தனியார் சொத்துரிமையிலிருந்து வந்தது. அந்த உரிமைக்குக் காப்பு அளித்ததோ எந்த அரசிலிருந்து பிரிந்ததாகச் சொன்னார்களோ அதே அரசின் சட்டம். எனவே இவை நம் வாதத்தை மறுக்கவில்லை; அதன் எல்லையை வரையறுக்கின்றன.

1933ஆம் ஆண்டின் மொன்டிவிடியோ உடன்படிக்கை, அரசுக்குரிய தகுதிகளாக நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் ஆகியவற்றைச் சொல்கிறது. நிலத்தில் வாழ்வோரையே அது மக்கள்தொகையாகக் கொள்கிறது. தலோசாவிலோ மக்கள் முதலில் சேர்கிறார்கள். நிலம் பிறகு அவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒரு குறுந்தேசத்தின் விரிவாக்கத்தை அளக்க விரும்பும் ஆய்வாளர், அதன் வரைபடத்தைவிட வாக்காளர் பட்டியலையே நம்பலாம்.