அர்ஜி சென்று சேரும் இடம்

தமிழில் 'அர்ஜி' என்றும் 'தர்க்காஸ்து' என்றும் வழங்கும் இரண்டு சொற்களும் பழைய அரசுக் கச்சேரிகளின் வழியே நம் மொழிக்குள் வந்தவை. 'அர்ஸ்' என்ற அரபுச் சொல் மேலிடத்தில் இருப்பவர் முன் ஒன்றை எடுத்து வைப்பதைக் குறிக்கும். 'தர்க்காஸ்து' வேண்டுகோள் என்ற பொருளுடைய பாரசீகச் சொல். தமிழ்நாட்டில் தர்க்காஸ்து அரசின் தரிசு நிலத்தை ஒப்படைக்கக் கேட்கும் வருவாய்த்துறை வழக்கோடு ஒதுங்கிவிட்டது. ஹைதராபாத்தின் தெலுங்கிலோ ரேஷன் அட்டைக்கு எழுதுவது முதல் கல்லூரி இடத்துக்கு எழுதுவது வரை எல்லா விண்ணப்பமும் இன்றும் 'தரகாஸ்து'தான். அந்நகரின் நிறுவனங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் தங்கள் இணையதளத்தின் ஓரத்தில் பெயர், தொலைபேசி எண், செய்தி என்று நான்கைந்து கட்டங்களோடு வைத்திருக்கும் தொடர்புப் படிவம் இந்த நீண்ட மரபில் பிந்தி முளைத்த கிளையாகும். அந்தப் படிவத்துக்கு எந்தப் பிளகினை, அதாவது எந்தத் துணை நிரலை, தேர்வது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகவே பேசப்படுகிறது. எழுதியது எங்கே போய்ச் சேருகிறது, யாருடைய காவலில் இருக்கிறது, சேர்ந்த செய்தி எழுதியவருக்குத் தெரிகிறதா என்ற மூன்றையும் ஹைதராபாத் முந்நூறு ஆண்டுகளாகத் தீர்க்க முயன்றிருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், தேர்வு செய்யும் அளவுகோலே மாறிவிடும்.

ஆசஃப் ஜாஹி மரபினர் 1724-இல் தக்காணத்தில் தம் ஆட்சியை நிறுவியபோது நிர்வாக மொழி பாரசீகமாக இருந்தது. தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய குடிகளுக்கு அந்த மொழி எட்டாதது. ஆகவே அவர்களுடைய குறையை எழுத்தாக்கியவர் முன்ஷி, அதாவது அலுவலக நடையறிந்து எழுதிக் கொடுக்கும் எழுத்தர். அர்ஜிக்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் பெறுபவரின் பட்டங்கள், பிறகு நடந்தது, அதன்பின் வேண்டுவது, இறுதியில் தன்னை 'ஃபித்வி', அதாவது தன்னையே அர்ப்பணித்த அடியவன், என்று சொல்லிக்கொள்ளும் எழுதியவரின் பெயர். அழுதும் சினந்தும் முன்பின்னாகச் சொல்லப்பட்ட ஒரு வாழ்க்கைத் துயரம் முன்ஷியின் கையில் அதிகாரி ஒருவர் படித்து முடிவெடுக்கக்கூடிய தாளாக மாறியது. எந்த ஊர், எப்போது, எவ்வளவு என்று அவர் குறுக்கே கேட்ட கேள்விகளைத்தான் இன்று படிவத்தின் கட்டங்கள் கேட்கின்றன. ஒரு வேறுபாடு, முன்ஷியால் கேள்வியை ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது, கட்டத்தால் அது முடியாது.

எழுதிய தாள் சென்று தங்கிய இடத்தின் வரலாறு இன்னும் கவனிக்கத்தக்கது. அரசின் கணக்கும் ஆவணமும் 'தஃப்தர்' எனப்பட்ட பதிவுச்சாலைகளில் இருந்தன. இரு பெரும் தஃப்தர்களான தஃப்தர்-எ-திவானியும் தஃப்தர்-எ-மாலும் ராய் ராயான் குடும்பத்திடமும், மாத்தூர் காயஸ்தர்களான மால்வாலா குடும்பத்திடமும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தன. அரசின் நினைவு முழுவதும் பரம்பரைக் காவலர்களின் கையில் இருந்ததால், எந்த மானியம் யாருக்கு எப்போது தரப்பட்டது என்று அறிய அரசே அவர்களை நாட வேண்டியிருந்தது. 1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் மாவட்டங்களை வகுத்து, சம்பளம் பெறும் அதிகாரிகளையும் தனித்தனித் துறைகளையும் ஏற்படுத்தியபோது இந்தப் பரம்பரை அதிகாரத்தைப் படிப்படியாகக் குறைத்தார். அவர் செய்த சீர்திருத்தங்களில் வரிவசூலைப் பற்றியே அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. ஆவணத்தை அரசின் சொந்தக் காவலுக்குள் கொண்டுவரும் திசையில் அவர் நடந்தது அதற்குச் சற்றும் குறைந்த செயல் அல்ல.

அவருக்குப் பின் 1880-களில் பாரசீகத்தின் இடத்துக்கு உருது வந்தது. மக்களின் தாய்மொழிக்கு அது முழுமையாக நெருங்கிவிடவில்லை என்றாலும், தெருவில் காதில் விழும் மொழியாக அது இருந்தது. ஆசஃப் ஜாஹி மரபின் ஆட்சியாளரான ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், 1919-இல், 'பாப்-எ-ஹுகூமத்' என்ற நிர்வாக சபை அமைந்த பிறகு மேலிடத்துக்குச் செல்லும் தாளின் வழி இன்னும் தெளிவானது. 'அர்ஸ்தாஷ்த்' என்ற எழுத்து விண்ணப்பத்தில் விவகாரத்தின் சுருக்கமும், அதைப் பார்த்த துறையின் கருத்தும், சபையின் பரிந்துரையும் அடுத்தடுத்து எழுதப்பட்டு நிஜாமிடம் வைக்கப்பட்டன. அவர் பிறப்பித்த ஆணை 'ஃபர்மான்' எனப்பட்டது. முடியாட்சியின் குறைகள் பல. ஆனால் ஒரு கோரிக்கை யார் யார் கையைக் கடந்தது என்பதை அந்தக் கோரிக்கையோடு சேர்த்தே வைத்த இந்த முறை, ஹைதராபாத் பிற்காலத்துக்குத் தந்த பெரிய பாடம் என்று கொள்ள இடமுண்டு. தார்னாக்காவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் முகலாயர் காலத் தாள்களோடு இந்த அர்ஸ்தாஷ்த்துகளும் இன்று பாதுகாக்கப்படுகின்றன.

ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த 1948-க்குப் பிந்தைய அரை நூற்றாண்டை விரைவாகக் கடந்துவிடலாம். தாளும் வரிசையும் பெரிதாக மாறவில்லை. மாற்றம் 1998-இல் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் பத்திரப்பதிவைக் கணினிமயமாக்கிய 'கார்டு' திட்டம் ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கியது; அதே மாதத்தில் மாதாபூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. 1999 டிசம்பரில் இரட்டை நகரங்களுக்கான 'ட்வின்ஸ்' திட்டமும், அதன் விரிவாக 2001-இல் 'ஈ-சேவா' மையங்களும், 2011-இல் 'மீ சேவா'வும் வந்தன. மின்கட்டணமும் சான்றிதழும் ஒரே கவுண்ட்டரில் முடிந்தது மக்களுக்குப் பெரும் நிம்மதி. ஆனால் தெலங்கானாவில் 2020 அக்டோபரில் வந்த 'தரணி' என்ற நிலப்பதிவு இணையதளம் கட்டங்களின் கொடுமையையும் காட்டியது. குறையைச் சொல்ல அதற்குரிய தெரிவு திரையில் இருந்தாக வேண்டும். பெயர்ப் பிழைக்கும் பரப்பளவுப் பிழைக்கும் தொடக்கத்தில் வழியில்லாததால், திருத்தத்துக்கென்று தனிப் பிரிவுகள் பின்னரே ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. அதுவரை அத்தகைய பிழையில் சிக்கிய உழவரின் குறை, அரசின் கணக்கில், எழாத குறை. 2025-இல் தரணியின் இடத்துக்கு 'பூ பாரதி' வந்தது.

அரசின் திரைகளுக்கு இணையாகத் தனியாரின் திரைகளும் வளர்ந்தன. இணையப் பக்கத்தில் பார்வையாளர் எழுதி அனுப்பும் கட்டங்கள் 1993-ஐ ஒட்டி மொசைக் பிரவுசரின் காலத்தில் நடைமுறைக்கு வந்து, 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 தரநிலையில் இடம்பெற்றன. அதே 1995-இல் மேட் ரைட் என்ற அமெரிக்க இளைஞர் எழுதி இலவசமாகத் தந்த 'ஃபார்ம்மெயில்' என்ற சிறு நிரல், படிவத்தில் எழுதியதை மின்னஞ்சலாக்கித் தள உரிமையாளருக்கு அனுப்பியது. உலகெங்கும் எண்ணற்ற தளங்கள் அதை எடுத்துக்கொண்டன. அதில் ஓர் ஓட்டை இருந்தது. அஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரி, நிரலுக்குள் பூட்டப்படாமல், பக்கத்திலேயே மறைவான கட்டமாகக் கிடந்தது. அதை மாற்றி எழுதத் தெரிந்த எவரும் அந்தச் சர்வரிலிருந்து எவருக்கும் அஞ்சல் அனுப்பலாம் என்றானதும், விளம்பரக் குப்பை அனுப்புவோர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள், 2004-இல் பிளகின் முறையைப் பெற்றது. மூல நிரலைத் தொடாமல் வெளியிலிருந்து செருகிக்கொள்ளும் துணை நிரலே பிளகின். நிரல் எழுதத் தெரியாதவரும் தளம் அமைக்கலாம் என்ற நிலை இதனால் வந்தது. ஹைதராபாத்தில் அந்த நிலையின் பயிற்சிக்கூடம் அமீர்பேட்டை. மைத்ரிவனம் சந்திப்பைச் சுற்றி மாடிக்கு மாடி ஜாவா, சாப், வெப் டிசைனிங் என்று பலகைகள் தொங்கும் அந்தத் தெருக்களில், மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சில மாதங்களில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் சிறு நிறுவனங்களுக்குத் தளம் செய்து தருவோருக்குப் பழைய முன்ஷியின் பொறுப்பு தெரிந்தோ தெரியாமலோ வந்து சேர்கிறது. முகமறியாத ஒருவரின் வேண்டுகோளை அவர்கள் வைக்கும் கட்டங்களே வடிவமைக்கின்றன.

படிவப் பிளகின்களில் மிகப் பரவலானது ஜப்பானியரான டகாயுகி மியோஷி 2007-இல் வெளியிட்ட 'கான்டாக்ட் ஃபார்ம் 7'. இலவசமானது, எடை குறைந்தது, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்குவது. கட்டணம் பெறும் 'கிராவிட்டி ஃபார்ம்ஸ்' 2009-இலும், கட்டங்களை இழுத்து வைத்தே படிவம் அமைக்க உதவும் 'டபிள்யூபிஃபார்ம்ஸ்' 2016-இலும் வந்தன. இவற்றை ஒப்பிடுவோர் தோற்றத்தையும் விலையையும் முதலில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வேறு: கான்டாக்ட் ஃபார்ம் 7 தன்னளவில் எதையும் சேமித்து வைப்பதில்லை, வந்த செய்தியை மின்னஞ்சலாக அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. அந்த அஞ்சல் வழியில் தொலைந்தால் செய்தியும் தொலைந்தது. அனுப்பியவர் திரையில் நன்றி என்ற சொல்லைப் பார்த்திருப்பார், பெற வேண்டியவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். அதே ஆசிரியர் தரும் 'ஃபிளமிங்கோ' என்ற துணைப் பிளகினைச் சேர்த்தால்தான் செய்தியின் பிரதி தளத்தின் டேட்டாபேஸில், அதாவது தகவல்களை வரிசையாக அடுக்கி வைக்கும் கிடங்கில், தங்கும்.

அஞ்சல் தொலைவது அரிதான விபத்தும் அல்ல. பல தளங்களில் படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநர் முகவரியாக இட்டு அஞ்சல் அனுப்பும் பழக்கம் இருந்தது. ஒரு முகவரியின் பெயரால் வரும் அஞ்சல் உண்மையில் அந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்துதான் வருகிறதா என்று சோதிக்கும் 'டிமார்க்' விதியை யாஹூ 2014 ஏப்ரலில் கடுமையாக்கியபோது, யாஹூ முகவரி கொண்டோர் நிரப்பிய இத்தகைய படிவ அஞ்சல்கள் வாசலிலேயே திருப்பப்பட்டன. தளத்தின் சொந்த முகவரியை அனுப்புநராகவும், நிரப்பியவரின் முகவரியைப் பதில் செல்ல வேண்டிய முகவரியாகவும் வைப்பதே முறை. கொண்டுவருபவரும் எழுதியவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை அர்ஜியின் காலம் நன்றாகவே அறிந்திருந்தது.

வெளி நிறுவனத்தின் சர்வரில் இயங்கும் படிவச் சேவைகள் இந்தத் தொல்லையைத் தீர்ப்பதாகச் சொல்வது உண்மையே. ஆயினும் அங்கே ஆவணம் மால்வாலாக்களின் இல்லத்தில் இருந்ததைப் போன்ற நிலைக்குத் திரும்புகிறது. சந்தா நின்ற மறுநாள் தன் வாடிக்கையாளர் எழுதியதைத் தானே பார்க்க முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் படித்தறிந்த பின்னரே கையெழுத்திடுவது நல்லது. தன் காவலில் வைப்பவருக்கும் கடமை உண்டு. 2020 டிசம்பரில் கான்டாக்ட் ஃபார்ம் 7-இன் கோப்பு ஏற்றும் வசதியில் ஓர் ஓட்டை கண்டறியப்பட்டு 5.3.2 பதிப்பில் அடைக்கப்பட்டது. பதிப்பைப் புதுப்பிக்காத தளம் கதவைத் திறந்துபோட்ட தஃப்தர். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டும் ஒப்புதலோடு பெற வேண்டும் என்கிறது. விலை விசாரிக்க வந்தவரிடம் பிறந்த தேதியைக் கேட்கும் படிவத்துக்கு அதில் இடமில்லை.

குப்பைச் செய்திகளைத் தடுக்கும் முறையிலும் நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது. கோணல் எழுத்தைப் படிக்கச் சொல்லும் 'கேப்ட்சா' சோதனை பார்வைக் குறைபாடு உடையோரை வெளியே நிறுத்திவிடும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்து, அதை நிரப்பும் இயந்திரத்தை மட்டும் விலக்கும் 'ஹனிபாட்' முறை பெரும்பாலும் யாரையும் புண்படுத்துவதில்லை. பெயர்க் கட்டத்திலும் அதே அக்கறை வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரித்து இரண்டும் கட்டாயம் என்றால், தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிற்கும் தமிழரும், வீட்டுப்பெயரை முன்னால் வைக்கும் தெலுங்கரும் ஏதோ ஒன்றைப் பொய்யாக எழுத நேரும். தெலங்கானா 2017-இல் உருதுவை இரண்டாம் ஆட்சிமொழியாக்கியது. ஹைதராபாத்தில் தெலுங்கு எழுத்தையோ வலமிருந்து இடம் செல்லும் உருது எழுத்தையோ பிழை என்று சிவப்பில் காட்டும் படிவம், பாரசீகம் அறிந்தவரே பேசலாம் என்ற பழைய வாசலை மீண்டும் எழுப்புகிறது.

2023 டிசம்பர் 28 முதல் 2024 ஜனவரி 6 வரை தெலங்கானா அரசு 'பிரஜா பாலனா' முகாம்களில் காகிதப் படிவங்களைப் பெற்றபோது ஏறத்தாழ 1.25 கோடி விண்ணப்பங்கள் குவிந்தன. கணினியில் ஏற்றுவதற்காக எடுத்துச் செல்லப்பட்ட ஒரு கட்டு பாலாநகர் மேம்பாலத்தில் விழுந்து, பெயரும் தொலைபேசி எண்ணும் நிரப்பிய தாள்கள் சாலையில் பறந்தன. நீண்ட வரிசையில் நின்று கொடுத்தவரின் தாள் தார்ச்சாலையில் கிடப்பது எல்லோர் கண்ணிலும் பட்டதால் செய்தியாயிற்று. சேமிப்பு இல்லாத தொடர்புப் படிவத்திலிருந்து அஞ்சலாகப் புறப்பட்டு ஸ்பேம் பெட்டியில் புதையும் வேண்டுகோள் எவர் கண்ணிலும் படுவதில்லை.

நல்ல பிளகின்கள் செய்தியைப் பெற்றவுடன், நாளும் வரிசை எண்ணும் இட்டு, எழுதியவர் முகவரிக்கே ஒரு தானியங்கிப் பதிலை அனுப்பும் வசதியைத் தருகின்றன. பல தளங்களில் அது இயக்கப்படாமலே கிடக்கிறது. அதற்குரிய பழைய சொல் அர்ஜியோடு சேர்ந்தே தமிழுக்கு வந்து, மளிகைக் கடை வரை நிலைத்திருக்கிறது: ரசீது. பாரசீகத்தில் அதன் பொருள் 'வந்து சேர்ந்தது'.