துணியில் தைத்த பெயர்

நம்ம பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, பாத்திரம் வாங்கிக் கொடுத்தால் சும்மா கொடுக்க மாட்டோம். கடையிலேயே பெயர் வெட்டச் சொல்வோம். யார் கொடுத்தது, யாருக்கு, எந்தத் தேதின்னு புள்ளி புள்ளியா வெட்டித் தருவாங்க. உங்க வீட்டுப் பரண்ல கிடக்கிற பழைய எவர்சில்வர் குடத்தை இறக்கிப் பாருங்க, செத்துப்போன ஒரு பெரியப்பாவோ அத்தையோ அதுல இருப்பாங்க.

துணிக்கு மட்டும் நம்மகிட்ட அந்தப் பழக்கம் இல்லை. நூல் சேலை ஒன்று கிழிந்தால் பிள்ளைக்குத் தூளி ஆகும். அப்புறம் நாலைந்து சேலையை அடுக்கி, ஓரம் தைத்து விரிப்பு ஆகும். கடைசியில் கரித்துணியாகி அடுப்படியில் முடியும். விரிப்பைத் தைத்த கிழவி யார்னு பத்து வருசத்துல மறந்து போகும். துணியில் நாம் கண்ட ஒரே அடையாளம் சலவைக்குப் போட்டால் வருகிற குறிதான்.

வங்காளத்துப் பெண்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரம். அங்கேயும் பழஞ்சேலையைத்தான் அடுக்கித் தைக்கிறாங்க. காந்தா என்று பெயர். சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, அதே நூலால் பூ, மீன், தேர், யானை எல்லாம் போடுவார்கள். சில காந்தாக்களில் தைத்தவர் பெயரும் இருக்கும். மகள் அப்பாவுக்கு, அம்மா மகனுக்கு என்று ஆளைப் பார்த்துத் தைத்துக் கொடுத்தவை அவை.

நான் சொல்ல வந்தது இன்னொரு போர்வையின் கதை. அது நடந்தது சிங்கப்பூரில், இரண்டாம் உலகப்போர் காலத்தில்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அடுத்த மாதமே அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களைப் பிடித்து சாங்கி சிறைக்கு நடத்திக் கொண்டு போனார்கள். சுமார் 600 கைதிகளுக்காகக் கட்டின ஜெயில் அது. அதில் ஆம்பளைகளே 2,000க்கு மேல். பெண்களும் குழந்தைகளுமாக சுமார் 400 பேர். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பட்டாளத்தில் இருந்த புருசன்மார் பக்கத்திலேயே வேறு முகாமில் கைதி. கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், ஆனால் ஒரு வரி எழுதி அனுப்ப வழியில்லை. அவர் இருக்காரா போயிட்டாரான்னு இவளுக்குத் தெரியாது, இவளைப் பற்றி அவருக்கும் தெரியாது.

அந்த ஜெயிலுக்குள்ளே எலிசபெத் என்னிஸ் என்ற நர்ஸம்மா, பொண்ணுப் பிள்ளைகளைச் சேர்த்து சாரணியர் குழு ஒன்று நடத்தினார். இருபது பேர் சுமார், 8 வயதிலிருந்து 16 வயது வரை. வாரம் ஒருநாள் முற்றத்து மூலையில் கூடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு டீச்சரம்மா பிறந்தநாளுக்கு ஏதாவது கொடுக்கணும்னு ஆசை. ஜெயிலுக்குள் என்ன இருக்கு கொடுக்க? கிழிந்த கவுன், பழைய சட்டை இதிலிருந்து துண்டு வெட்டினார்கள். நூலையும் பழந்துணியிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். அவருக்குத் தெரியாமல் தைத்தார்கள்.

இங்கிலீஷ்காரர்கள் இதைக் குவில்ட் என்பார்கள், நாம ஒட்டுப்போர்வைன்னு வச்சுக்கலாம். அந்தப் பிள்ளைகள் தைத்த மாதிரிக்கு ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்று பெயர். தேனடையைப் பார்த்திருப்பீங்க, ஒவ்வொரு அறைக்கும் ஆறு பக்கம். அதே மாதிரி ஆறு பக்கத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து, சுற்றி ஆறு துண்டு சேர்த்தால் ஒரு பூ. நடுத்துண்டில் தைத்த பிள்ளையின் பெயர். இப்படிப் பூப்பூவாகச் சேர்த்தது அந்தப் போர்வை. இன்றைக்கு லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் தைத்ததைப் பார்த்துத்தான் பெரியவர்களுக்கும் யோசனை வந்தது என்பார்கள். அதை முன்னெடுத்தவர் எத்தல் மல்வனி என்ற கனடாக்காரப் பெண். ஆளுக்கு ஒரு சின்னச் சதுரத் துணி, சுமார் ஆறங்குலம். அதில் உன்னைப் பற்றி எதையாவது தைத்து, பெயரையும் போடு என்றார். 66 சதுரம் சேர்ந்தால் ஒரு போர்வை. காயம்பட்டுக் கிடக்கிற சிப்பாய்களுக்கு அன்பளிப்பு என்று சொல்லி மூன்று தைத்தார்கள். ஒன்று பிரிட்டிஷ்காரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு. மூன்றாவது ஜப்பான் சிப்பாய்களுக்கே! காவல் காக்கிறவனுக்கும் ஒன்று கொடுத்தால்தானே மற்ற ரெண்டையும் வெளியே விடுவான். பொம்பளைங்க புத்தி எப்படி வேலை செஞ்சிருக்கு பாருங்க.

மேலுக்குப் பார்த்தால் பூ, கப்பல், சொந்த நாட்டுப் படம். ஒருத்தி ஜெயிலையே தைத்து ‘சாங்கி விடுமுறை இல்லம்’ என்று கிண்டலாக எழுதியிருக்கிறாள். ஆனால் முகாமுக்குள் அந்தப் போர்வை போனால், பார்க்கிறவன் முதலில் தேடுவது படத்தை இல்லை, பெயரை. பொண்டாட்டி பெயர் ஒரு மூலையில் இருந்தால் போதும், அவ உசுரோட இருக்கான்னு அர்த்தம். போர்வைக்குப் பின்னால், சண்டை முடிந்ததும் இதை அந்தந்த நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்க்கணும்னு தைத்து வைத்திருந்தார்கள். மூன்றுமே தப்பிப் பிழைத்தன. இரண்டு ஆஸ்திரேலியாவில் கான்பெரா போர் நினைவகத்திலும், ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலும் இருக்கின்றன.

இந்தக் கதை என்னை ஏன் பிடித்து உலுக்கியதுன்னா, நாங்க பட்டுக்கோட்டைப் பக்கம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேயா போன ஆள் இல்லாத தெருவே அந்தக் காலத்தில் இங்கே குறைவு. எங்க தாத்தாவோட தம்பியும் அப்படித்தான் ரப்பர் தோட்டத்துக்குப் போனார். பணமும் கடுதாசியும் வந்துகொண்டு இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் நின்று போனது. சயாம் ரயில்ரோடு போடப் பிடித்துக் கொண்டு போனதாக, திரும்பி வந்த ஒருத்தர் சண்டை முடிந்து சொன்னார். கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது.

எங்க சின்ன ஆயா 40 வருசம் இருந்தாங்க. தாலியைக் கழட்டவில்லை. திதி கொடுக்கவும் விடவில்லை. “செத்துட்டார்னு ஒரு சொல் வந்தா அழுதுட்டுப் போயிருப்பேன்டா, அதுவும் வரலையே” என்று ஒருதரம் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கு.

அந்த ரயில்ரோட்டுக்குத் தோட்டங்களில் இருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தாய்லாந்தில் காஞ்சனபுரியில் கல்லறை வரிசை இருக்கு, பெரும்பாலான கல்லில் பெயர் இருக்கு. நம்ம ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. சாங்கிப் பெண்களும் பட்டினி கிடந்தவர்கள்தான், அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஊசியும் ஒரு சாண் துணியும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழியும் அவர்களுக்குக் கிடைத்தது. எங்க சின்ன தாத்தாவுக்கு அதுகூட இல்லை.

போன தையில் என் மக பிள்ளைபெற வந்திருந்தாள். என் வீட்டுக்காரம்மா பழைய சேலைகளை அடுக்கி விரிப்பு தைத்தாள். ஓரத்தில் பேத்தி பெயரைப் போடச் சொன்னேன், போட்டாள். உன் பெயரையும் போடு என்றேன். “எனக்கு எதுக்கு?” என்று சிரித்தாள். விடாமல் சொல்லிப் போட வைத்தேன். அதற்கும் கீழே, சிவப்பு நூலில், சின்ன ஆயா பெயரும் சின்ன தாத்தா பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு.

உங்க வீட்டிலும் மலேயா, பர்மா, சிலோன் என்று போய்த் திரும்பாத ஆள் ஒருத்தராவது இருப்பார். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க.