பெட்ரோல் விலை உயர்வு: மக்கள் எதிர்வினைகள்

பெட்ரோல், டீசல் விலை ஏறும்போது எழும் எதிர்ப்பு கேலியிலும் முணுமுணுப்பிலும் தொடங்கும். சாலை மறியல், வேலைநிறுத்தம், கலவரம் என்று வளர்ந்து சில நாடுகளில் ஆட்சியையே கவிழ்த்தும் இருக்கிறது. கச்சா எண்ணெய் விலை உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பங்க்கில் கொடுக்கும் விலை நாட்டுக்கு நாடு மாறுவதற்கு வரியும் மானியமுமே முக்கியக் காரணம். அதனால் மக்களின் கோபம் எண்ணெய்க் கிணற்றின் மேல் விழாமல் அரசின் மேல் விழுகிறது. ஒரே இரவில் தடாலடியாக ஏற்றிய அரசுகள் பலமாக அடி வாங்கியிருக்கின்றன. சிறுகச் சிறுக ஏற்றியவை பெரும்பாலும் தப்பித்திருக்கின்றன.

மானியம் போன இரவுகள்

எண்ணெய் வளமுள்ள நாடுகளில் மலிவு பெட்ரோலை யாரும் சலுகையாக நினைப்பதில்லை. நாட்டுச் சொத்தில் தனக்கு வந்துசேரும் ஒரே பங்கு என்று நினைக்கிறார்கள். அதில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெனிசுவேலா பழைய சாட்சி. 1989 பிப்ரவரியில் பதவியேற்ற அதிபர் கார்லோஸ் ஆந்த்ரேஸ் பெரேஸ், பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்று அதே மாதம் எரிபொருள் விலையை உயர்த்தினார். பிப்ரவரி 27, திங்கட்கிழமை காலை. குவாரெனாஸ் என்ற புறநகரிலிருந்து தலைநகர் கராகஸுக்கு வேலைக்குக் கிளம்பியவர்களிடம் பேருந்து ஓட்டுநர்கள் புதுக் கட்டணம் கேட்டார்கள். அரசு அனுமதித்தது 30 சதவீத உயர்வு; கேட்டது அதைவிட அதிகம். அங்கே மூண்ட தகராறு மாலைக்குள் தலைநகர் முழுவதும் பரவிக் கடைகள் சூறையாடப்பட்டன. ராணுவம் இறங்கியது. அரசுக் கணக்கிலேயே இறந்தவர்கள் 276 பேர். ‘கராகாசோ’ என்று பெயர்பெற்ற இந்தக் கலவரத்தின் பயம் லேசில் தெளியவில்லை. 2016இல் அதிபர் நிக்கோலாஸ் மதுரோ விலையை ஏற்றியபோது அது ஏறத்தாழ 20 ஆண்டுகளில் முதல் உயர்வு.

இந்தக் கலவரம் மூண்டது பங்க்கில் அல்ல, பேருந்து நிறுத்தத்தில் என்பது கவனிக்கத்தக்கது. பெட்ரோல் விலையைப் பணக்காரர் பிரச்சினை என்று சொல்லும் நிதி அமைச்சர்கள் தவறவிடும் இடமும் இதுதான். ஸ்கூட்டர்கூட இல்லாதவர் அந்த விலையைப் பேருந்துக் கட்டணத்திலும் தக்காளியிலும் கொடுக்கிறார்.

இந்தோனேசியாவில் 1998 மே 4 அன்று பெட்ரோல் லிட்டருக்கு 700 ரூபியாவிலிருந்து 1,200 ஆயிற்று. மேடான் நகரில் கலவரம் வெடித்தது. மே 21 அன்று, 32 ஆண்டு ஆண்ட சுகார்த்தோ பதவி விலகினார். நாணயச் சரிவும் மாணவர் போராட்டமும் ஏற்கனவே கிளம்பியிருந்தன. விலை உயர்வு அவற்றுக்கு எண்ணெய் வார்த்தது.

நைஜீரியா கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்து பெட்ரோலை இறக்குமதி செய்துவந்த நாடு. மின்சாரம் அடிக்கடி போவதால் வீட்டு ஜெனரேட்டருக்கும் அங்கே பெட்ரோல்தான். 2012 புத்தாண்டு நாளில் மானியம் நிறுத்தப்பட்டு, லிட்டர் 65 நைரா 141 ஆனது. ‘ஆக்கிரமிப்போம் நைஜீரியா’ என்ற முழக்கத்துடன் லாகோஸில் கூட்டம் திரண்டது. ஜனவரி 9இல் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வாரத்தில் அரசு 97 நைராவுக்கு இறங்கி வந்தது. 2023 மே 29 அன்று, பதவியேற்பு உரையிலேயே மானியம் முடிந்துவிட்டது என்று புதிய அதிபர் போலா தினுபு அறிவித்தபோது விலை பல மடங்கு ஏறியும் 2012இன் வேகம் திரும்பவில்லை.

ஈரானில் 2019 நவம்பர் 15 அன்று நள்ளிரவில் வந்தது அறிவிப்பு. மாதம் 60 லிட்டர் வரை லிட்டருக்கு 10,000 ரியாலிலிருந்து 15,000, அதற்குமேல் 30,000. மறுநாள் தெஹ்ரானில் பனி பெய்துகொண்டிருந்தது. ஓட்டுநர்கள் நெடுஞ்சாலை நடுவில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்கள். நாடெங்கும் போராட்டம் பரவியதும் அரசு ஏறத்தாழ ஒரு வாரம் இணையத்தைத் துண்டித்தது. கொல்லப்பட்டோர் 300க்கும் மேல் என்றது அம்னெஸ்டி அமைப்பு. ராய்ட்டர்ஸ் செய்தி 1,500 என்றது, அதை அரசு மறுத்தது. விலை உயர்வு திரும்பப் பெறப்படவில்லை. இத்தனை உயிர்கள் போயும் இறங்காத விலை இதுதான்.

அதற்கு முந்தைய மாதம் ஈக்வடாரில் நடந்தது நேர்மாறு. அதிபர் லெனின் மொரேனோ 883ஆம் ஆணையால் மானியத்தை நீக்கினார். பழங்குடி மக்களின் கூட்டமைப்பு மலைக் கிராமங்களிலிருந்து தலைநகர் கீத்தோவுக்குத் திரண்டு வந்தது. அரசு தலைமையகத்தை குவாயாகில் நகருக்கு மாற்றிக்கொண்டது. இரண்டு வாரத்துக்குள் ஆணை ரத்தானது. கசகஸ்தானில் 2022 ஜனவரி 2 அன்று எண்ணெய் நகரமான ஜனாஓசெனில் போராட்டம் தொடங்கியது. அங்கே கார்கள் ஓடும் திரவ எரிவாயு லிட்டர் 60 தெங்கேயிலிருந்து 120 ஆனதுதான் காரணம். சில நாட்களில் அல்மாத்தி நகரம் எரிந்தது, ரஷ்யத் தலைமையிலான படைகள் வந்தன, 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வரி ஏறிய நாடுகள்

ஐரோப்பாவில் பிரச்சினை மானியம் அல்ல, வரி. 2000 செப்டம்பரில் பிரிட்டிஷ் விவசாயிகளும் லாரிக்காரர்களும் ஸ்டான்லோ சுத்திகரிப்பு ஆலை வாசலை மறித்தார்கள். ஒரு வாரத்துக்குள் நாட்டின் பெரும்பாலான பங்க்குகள் வறண்டன. மக்கள் எரிச்சல்பட்டார்கள், ஆனால் மறித்தவர்கள் மேல் அல்ல. பிரிட்டனில் 2011க்குப் பிறகு பல ஆண்டுகள் எந்த அரசும் எரிபொருள் வரியை ஏற்றத் துணியவில்லை.

பிரான்சின் ‘மஞ்சள் மேலாடை’ இயக்கம் 2018 நவம்பர் 17 அன்று தெருவுக்கு வந்தது. 2019இல் டீசலுக்கு 6.5 சென்ட், பெட்ரோலுக்கு 2.9 சென்ட் வரி ஏறவிருந்தது. விபத்து நேரத்தில் அணிவதற்காகக் காரில் மஞ்சள் மேலாடை வைத்திருக்க வேண்டும் என்று 2008 முதல் சட்டம். ஆகவே போராட்டச் சீருடையை யாரும் தைக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கார்களிலும் ஏற்கனவே கிடந்தது. பாரிஸ் படங்களே உலகச் செய்திகளில் வந்தன. இயக்கத்தின் உயிரோ ரயிலும் பேருந்தும் குறைந்த சிற்றூர்களின் வட்டச்சந்திப்புகளில் இருந்தது. அங்கே தகரக் கொட்டகை போட்டு, தீ மூட்டி, வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். காலநிலையைக் காக்கும் வரி என்று எமானுவேல் மாக்ரோன் அரசு விளக்கியது. மாதக்கடைசியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களிடம் உலகக்கடைசியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது போராடியவர்களின் பதில். டிசம்பர் தொடக்கத்தில் அந்த உயர்வு கைவிடப்பட்டது.

அமெரிக்கர்கள் பெரும்பாலும் கோபத்தை வாக்குச்சீட்டிலும் கேலியிலும் தீர்த்துக்கொள்கிறார்கள். 2022 ஜூனில் சராசரி விலை முதன்முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது, பங்க் இயந்திரத்தின் விலைப் பலகையை அப்போதைய அதிபர் ஜோ பைடன் சுட்டிக்காட்டி ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லும் ஸ்டிக்கர்கள் ஊர்தோறும் ஒட்டப்பட்டன.

இலங்கை

2022இல் இலங்கையின் கதை விலையோடு நிற்கவில்லை. பணம் இருந்தாலும் பெட்ரோல் இல்லை. இறக்குமதிக்கு டாலர் தீர்ந்திருந்தது. முந்தைய டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் 26 அன்று 470 ஆனது. அங்கே ‘பெற்றோல் செட்’ எனப்படும் பங்க்குகளின் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. ஆட்டோக்காரர்கள் வண்டியிலேயே இரவு படுத்தார்கள். காத்திருந்தபடியே இறந்தவர்களும் உண்டு. ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் ரயில் பாதையை மறித்தவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். பிறகு வந்த கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. வரிசை சுருங்கியது. 2023 செப்டம்பரில் அம்முறை நீக்கப்பட்டது.

இந்தியா

1973 எண்ணெய் நெருக்கடியின்போது அடல் பிகாரி வாஜ்பாயி மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் வந்தார். அதிலிருந்து மாட்டு வண்டி, கயிறு கட்டி இழுக்கும் பைக், மாலை போட்ட சிலிண்டர் என்று எதிர்க்கட்சிப் போராட்டத்துக்கு ஒரு நிரந்தர அரங்கப் பொருள் பட்டியல் உண்டு. ஆளும் கட்சி மாறினால் வண்டியில் ஏறும் ஆள் மாறுவார். 2010 ஜூலையில் பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும், 2018 செப்டம்பரில் காங்கிரஸும் பாரத் பந்த் நடத்தின. பொதுமக்கள் கேலி அதைவிடச் சுவையானது. 2018இல் கடலூர் மாவட்டத் திருமணம் ஒன்றில் நண்பர்கள் மேடையேறி மாப்பிள்ளைக்கு 5 லிட்டர் பெட்ரோல் கேனைப் பரிசளித்தார்கள்.

பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010இலும், டீசலுடையது 2014இலும் நீங்கின. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறும் முறை வந்தது. முன்பு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் ஏறினால் முந்தைய இரவு பங்க்கில் கூட்டம் முண்டும். மறுநாள் தலைப்புச் செய்தி வரும். தினம் ஏறும் 30 பைசாவுக்கு யாரும் கொடி பிடிப்பதில்லை. ‘தினசரி’ என்பதும் தேர்தலுக்குக் கட்டுப்பட்டது: 2021 நவம்பர் முதல் 137 நாட்கள், ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை, விலை அசையவில்லை. 2022 மார்ச் 22இலிருந்து 16 நாட்களில் 10 ரூபாய் ஏறியது.

தமிழ்நாட்டு பங்க்கில் லிட்டர் கணக்கில் கேட்பவர் குறைவு. “நூறு ரூபாய்க்குப் போடுங்க” என்பதுதான் வழக்கம். 2021 ஜூலையில் சென்னையில் விலை 100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் மாநில அரசு வரியில் 3 ரூபாய் குறைத்து அதைக் கீழே இறக்கியது. பிறகு மீண்டும் தாண்டியது. நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர்கூட வராத நிலையிலும் கேட்பவர் அதே நூறு ரூபாய்க்குத்தான் கேட்கிறார். வீட்டுக்குப் போகும் வழியில் முள் முன்பைவிடச் சீக்கிரம் சிவப்புக்கு வந்துவிடுகிறது.