கடற்கரைப் பள்ளிக் கடன்

கிழக்கிலங்கையின் பெரியநீலாவணையிலிருந்து தெற்கே போகும் வீதியில் நன்றி செலுத்த இரண்டு வாசல் உண்டு. பாண்டிருப்பு திரௌபதை அம்மனுக்குத் தீ மிதித்து நேத்தி தீர்ப்பார்கள். அதையும் தாண்டினால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி. எங்கள் தோணிக்காரர் இரண்டுக்கும் கடன்பட்டவர்கள்.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறைநேசர் சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். கல்முனைக்குடியில் இருப்பது அவர் பெயர்தான். காற்றில் அகப்பட்ட மரக்கலங்களைக் கரைசேர்ப்பவர் என்ற நம்பிக்கை வணிகரோடு கடல் கடந்தது. சிங்கப்பூரில் 1828–1830இல் அவர் பெயரில் தர்கா எழுந்தது. எங்கள் கரையில் அவர் நினைவான கொடியேற்றம் ஏறத்தாழ 200 ஆண்டு வழக்கம். நாகூரின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். பிள்ளை வரம் பெற்ற நன்றிக்கு என்பார்கள்.

ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையோடு கொடி ஏறும். பன்னிரண்டு நாள் மௌலிதும் றாத்தீபும்; முடிவில் கந்தூரி. ஹிஜ்ரி நாட்காட்டி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்துவதால், சில காலம் கொடி வாடைக் கடலைப் பார்த்து ஏறும், சில காலம் கச்சான் காற்றில் ஏறும். மீன்பாடு கண்ட வருசமும் காணாத வருசமும் அம்மப்பா கொடிச்சீலைக்குக் காசு கொடுத்தார். கேட்டால், "உசிரோட கரைக்கு வந்தமா இல்லையா?" என்பார். அவருடைய மருதமுனைக் கூட்டாளி கொண்டுவரும் கந்தூரி நார்சாச் சோறு எங்கள் வளவு முழுக்கப் பங்காகும்.

ஆண்டகைக்குச் செலுத்தும் இந்த நன்றி அல்லாஹ் ஒருவனுக்கே உரியதல்லவா என்ற கேள்வி முஸ்லிம்களுக்குள்ளேயே உண்டு. அதைத் தீர்க்க நான் ஆளில்லை.

நன்றி சொல்பவருக்கு என்ன ஆகிறது என்று அளந்து பார்த்தவர்களும் உண்டு. உளவியலாளர்கள் எம்மன்ஸும் மக்கலோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரமொரு முறை 10 வாரம் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்வில் நிறைவு கண்டார்கள். 2005இல் செலிக்மன் குழு நன்றிக் கடிதத்தை உரியவரிடம் நேரே போய் வாசிக்கச் செய்தது. மகிழ்ச்சி கூடியது, ஒரு மாதம் நின்றது, மூன்றாம் மாதம் வடிந்திருந்தது.

வடியும் என்பதை எங்கள் ஆட்கள் அளக்காமலே அறிந்திருந்தார்கள். அதனால்தான் நன்றியை அவரவர் மனசை நம்பி விடாமல் பிறை குறித்தார்கள், ஊரைக் கூட்டினார்கள், சோறு பங்கிட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் சுனாமியாய் இக்கரையை அள்ளிப்போன பின், எதற்கு நன்றி என்று கேட்டவர்கள் இரண்டு மதத்திலும் இருந்தார்கள். கேட்டது நியாயம். கிடைத்ததற்குக் கூலியாக மட்டும் இருந்திருந்தால் அந்த வழக்கம் அன்றே முடிந்திருக்கும்.