இணைப்புக்கோடும் இடைக்கோடும்

ஆங்கில எழுத்தில், பெயருக்கு முன் அடையாக வரும் பல சொற்களை ஒன்றாகப் பிணைத்துக் காட்டும் குறி இணைப்புக்கோடு (-). பொருள் மயக்கத்தைத் தவிர்ப்பதே இதன் தலையாய வேலை. ‘மேன்-ஈட்டிங் ஷார்க்’ என்றால் மனிதரைத் தின்னும் சுறா. கோட்டை எடுத்துவிட்டால், சுறாவைத் தின்னும் மனிதன் என்றும் படிக்க இடமுண்டு. ஒரு சிறு கோடு தின்பவரையே மாற்றிவிடுவதால் இதை வெறும் அலங்காரமாகக் கருதக் கூடாது.

அடை பெயருக்குப் பின்னால் வந்தால் கோடு பெரும்பாலும் நீங்கும்: ‘வெல்-நோன் ரைட்டர்’, ஆனால் ‘த ரைட்டர் இஸ் வெல் நோன்’. ‘லி’ என முடியும் வினையடைக்குப் பின்னும் கோடு வராது. அது அடுத்த சொல்லைத்தான் தழுவுகிறது என்பதை அந்த ஈறே காட்டிவிடுகிறது.

சற்றே நீண்ட இடைக்கோடு (–) காலம், பக்கம் போன்றவற்றின் எல்லைகளைக் குறிக்கும்: 1939–1945. அதனினும் நீண்ட கோடு (—) வாக்கியத்தின் நடுவே முறிவைக் காட்டும். தட்டச்சுப்பொறிகளில் கழித்தல் குறிக்கும் இணைப்புக்கோட்டுக்கும் பொதுவாக ஒரே விசைதான் இருந்தது. கணினி விசைப்பலகையிலும் அந்தப் பழக்கம் தொடர்வதால் இந்த மூன்று கோடுகளையும் குழப்பிக்கொள்வோர் பலர். யூனிகோடில் இவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு.

தமிழில் இந்தப் பிணைப்பு வேலையின் பெரும்பகுதியைச் சந்தி செய்கிறது. ‘பட்டுப் புடவை’ என்பதில் ‘ப்’ இரு சொற்களையும் இணைக்கிறது. அங்கே கோடு மிகை. ‘தமிழ்-ஆங்கில அகராதி’ போல இரண்டு சமமான பெயர்கள் சேர்ந்து அடையாகும்போது கோடு பொருந்தும். ஒற்றை விட்டுவிட்டு அதற்கு ஈடாகக் கோடு போடுவது பிழை.